கெடுத்துப் பார்த்தவர்

எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட் நின்றுபோனால் எல்லோரும் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து சரிசெய்து, லிஃப்ட் ஓடத் தொடங்கிய பிறகு, மூன்றாம் மாடி அக்கா இறங்கி வருவார். அவருடைய வேலை அப்போதுதான் ஆரம்பிக்கும்.

"எதனால நின்னுச்சு?"

"அதெல்லாம் இன்னாத்துக்கு மேடம்? இப்போ ஓடிக்கினு கீதுல்ல," என்பார் மெக்கானிக், ஸ்பேனரைப் பைக்குள் போட்டபடி.

"ஓடுது. எதைத் தொட்டீங்க, ஓட ஆரம்பிச்சுது?"

"சும்மா ரெண்டு தட்டு தட்னேன் மேடம்."

"அப்போ மறுபடி நிறுத்திக் காட்டுங்க."

ஒரு நாள் இப்படிக் கேட்டபோது மெக்கானிக் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அக்கா சிரிக்கவில்லை. மந்தைவெளியில் நாங்கள் குடியிருந்த அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பழைய வகை, இரும்பு மடிப்புக் கதவு போட்டது. அன்றைக்கு அவர் குடியிருப்போர் சங்கச் செயலாளரையும் உள்ளே ஏற்றிக்கொண்டு மேலும் கீழும் போய்வந்தார். ஒவ்வொரு தளத்திலும் கதவைத் திறந்து மூடினார். கடைசியில் லிஃப்டை நிற்கவே வைத்துவிட்டார். இரண்டு பேரும் முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். கம்பிக் கதவு வழியாகச் செயலாளரின் செருப்பு மட்டும் எங்களுக்குத் தெரிந்தது. அவர் கத்திக்கொண்டிருந்தார். அதற்கு மேலே அக்காவின் குரல் சந்தோஷமாகக் கேட்டது.

"கெடச்சிடுச்சு. ரெண்டாம் மாடிக் கதவுதான். யாராவது போய் அடியில பாருங்க."

போய்ப் பார்த்தோம். வாசலில் கிடந்த தேங்காய் நார்க் கால்மிதி நாளாக நாளாக உதிர்ந்து, அந்த நார் கதவு ஓடுகிற பள்ளத்தில் அடைந்திருந்தது. கதவு மூடியதுபோலத் தெரியும், முழுக்க மூடியிருக்காது. அந்தக் கால்மிதி எங்கள் வீட்டுடையது. அக்காவுக்கும் எனக்கும் பழக்கம் ஆரம்பமானது அப்படித்தான்.

அவருக்கு அப்போது ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். தனியாக இருந்தார். குட்டையாக வெட்டிய தலைமுடி, எப்போதும் பருத்திச் சல்வார், கழுத்தில் ஒரு நாடாவில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. மாத்திரை சாப்பிட்டுக் காய்ச்சல் விட்டுவிட்டால், "விட்டுடுச்சு, சரி. எதுக்கு வந்துச்சு?" என்று மறுபடி டாக்டரிடம் போய் உட்காருவார். டாக்டர்களுக்கு அவரைப் பிடிக்காது. எங்கள் தெருவுக்குக் கூடையோடு வரும் மீன்கார அம்மாவுக்கும் பிடிக்காது.

"போன வாரம் வஞ்சிரம் ஒரு மாதிரி இருந்துச்சு. இந்த வாரம் நல்லா இருக்கு. நடுவுல என்ன மாத்தினீங்க?"

"இன்னாமா நீ, நல்லா கீதுன்னு நீயே சொல்ற. வாங்கிக்கினு போய்க் கொழம்பு வையேன்."

"வாங்கறேன். ஐஸ் வேற எடத்துல வாங்கறீங்களா?"

மீன்கார அம்மா இடுப்பில் கை வைத்து அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமா. பழைய ஐஸ்காரன் தண்ணிய மாத்திட்டான். ஒனக்கு எப்டிமா தெரியும்?" என்றார். அக்காவின் முகத்தில் அப்போது வந்த மலர்ச்சியைப் பரிசு வாங்கின குழந்தையிடம்தான் பார்க்க முடியும்.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பல வருடம் வேலை பார்த்தவர் அவர். எழுதப்பட்ட நிரலில் தப்பு இருக்கிறதா என்று சோதிக்கிற வேலை. "ஒரு தடவை வந்துட்டுப் போன தப்பு வெறும் வதந்தி. நாம கூப்பிட்டா வரணும். அப்போதான் அதைப் பிடிச்சதா அர்த்தம்," என்று சொல்வார். அந்த வேலையை ஏன் விட்டார் என்று நான் கேட்டபோது மட்டும், "போதும்னு இருந்துச்சு," என்றார். மற்றவர்கள் அப்படி ஒரு பதில் சொன்னால் அவர் விடமாட்டார்.

எங்கள் வீட்டு இன்டர்நெட்டுக்குள் அவர் வந்தது என் மகளால்.

யாழினிக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. அது தெரியும் முன்பே வைத்த பெயர் அது. என் கணவர் ஒலிப்பதிவுக்காரர். வடபழனியில் ஒரு டப்பிங் தியேட்டருக்காக வீட்டிலிருந்தே குரல்களைச் சுத்தம் செய்து, சத்தங்களைச் சேர்த்து அனுப்புவார். யாழினி படித்து முடித்துப் புனேயில் பொம்மைப் படங்களுக்கு வரைகிற வேலைக்குப் போனாள். தினமும் சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவாள். கைகளால் பேசுவோம்.

மற்ற வீடுகளில் படம் நின்றாலும் குரல் வந்துகொண்டிருக்கும், சமாளித்துக்கொள்வார்கள். எங்களுக்குப் படம்தான் குரல். விரல் பாதி வழியில் உறைந்துபோனால் சொல்லும் பாதியில் போய்விடும். அது அடிக்கடி நடந்தது. இன்டர்நெட் நிறுவனத்துக்குப் போன் செய்தால், "ஸ்பீட் டெஸ்ட் எடுத்துப் பாருங்க மேடம்," என்பார்கள். எடுத்தால் வேகம் பிரமாதமாக இருக்கும். "எங்க பக்கம் கம்ப்ளெய்ண்ட் இல்லை மேடம்," என்று வைத்துவிடுவார்கள்.

படிக்கட்டில் இதை அக்காவிடம் சொன்னேன். அன்றைக்கே மடிக்கணினியோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தார்.

அவர் செய்தது எளிதாகத்தான் இருந்தது. எங்கோ தூரத்தில் இருக்கிற ஒரு கணினியின் கதவை விநாடிக்கு ஒரு தரம் தட்டச் சொன்னார் மடிக்கணினியிடம். பதில் திரும்பி வர எவ்வளவு நேரம் என்று எண்கள் வரிசையாக விழுந்தன. சின்ன எண்கள். "எல்லாம் நல்லா இருக்கு. இப்போ வழக்கமா சாயங்காலம் என்னென்ன நடக்குமோ அதையெல்லாம் நடத்துங்க," என்றார். நான் டிவியைப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. என் கணவர் உள்ளறையில் ஒரு பெரிய ஃபைலை வடபழனிக்கு அனுப்பத் தொடங்கினார். எண்கள் ஏறின. ஏறிக்கொண்டே போயின.

"பாத்தியா," என்று அக்கா என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார். "உங்க லைன்ல உள்ள வர்ற வழி பெருசு. வெளிய போற வழி சின்னது. அவர் ஃபைல் அனுப்பும்போது, கம்பெனிக்காரங்க வெச்சிருக்கற அந்தப் பெட்டி முடியாதுன்னு சொல்லவே சொல்லாது. வர்றதையெல்லாம் வாங்கி உள்ள அடுக்கி வெச்சுக்கும். நீ கை அசைக்கறதும் அதுக்குப் பின்னால போய் நிக்கும்."

"ஆனா அவ கைதானே அக்கா நின்னுபோகுது? அது உள்ள வர்றது இல்லையா?"

அந்தக் கேள்வி அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "நல்லா கேட்ட. அவ அனுப்பறது வந்து சேர்ந்துச்சா இல்லையான்னு உன் போன் பதில் சொல்லிட்டே இருக்கணும். அந்தப் பதிலும் இதே கூட்டத்துலதான் மாட்டிக்குது. பதில் வரலைன்னா அந்தப் பக்கம், வழி சரியில்லைன்னு நெனச்சு, அனுப்பறதைக் குறைச்சிடும்."

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு சின்ன ரௌட்டரைக் கொண்டுவந்தார். தான் நினைத்தபடி மாற்றிக்கொள்ள அதற்குள் லினக்ஸ் மென்பொருளைப் போட்டிருந்தார். நிறுவனம் வைத்துவிட்டுப் போன ஃபைபர் இழைப் பெட்டி வாசல் பக்கமே இருக்க, இவருடைய ரௌட்டர் அலமாரிமேல் ஏறியது. வெளியே அனுப்புகிற வேகத்தை, லைன் தாங்குவதைவிடக் கொஞ்சம் குறைவாக இவரே கட்டிவைத்தார்.

என் கணவருக்கு அது புரியவில்லை. "அக்கா, அவங்க குடுக்கற ஸ்பீடை நாமளே குறைச்சுக்கறதா?"

"கொஞ்சமா குறைச்சா, காத்திருக்கற வரிசை அவங்க பெட்டிக்குள்ள சேராது. நம்ம ரௌட்டருக்குள்ள சேரும். நம்மகிட்ட இருந்தா ஒழுங்கா விடலாம். உங்க ஃபைலுக்கு ஒண்ணு, பொண்ணு கைக்கு ஒண்ணுன்னு மாத்தி மாத்தி. யாரும் யாரையும் அடைச்சிட்டு நிக்க முடியாது."

அன்று சாயங்காலம் உள்ளே ஃபைல் போய்க்கொண்டிருந்தது. கூடத்தில் யாழினியின் கைகள் வழுக்கிக்கொண்டு ஓடின. அவ்வளவு வேகமாக அவள் பேசி நான் திரையில் பார்த்ததே இல்லை. நின்றுபோகும் என்று பயந்து இத்தனை நாள் மெதுவாகப் பேசியிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சில வாரங்கள் நன்றாகப் போயின. பிறகு ஒரு சாயங்காலம் அந்தச் சம்பவம் நடந்தது.

யாழினியைச் சென்னைக்கே திரும்பி வரச் சொல்லி நான் நச்சரித்துக்கொண்டிருந்த காலம் அது. இங்கேயும் வரைகிற வேலை கிடைக்கும், வீட்டுச் சாப்பாடு, நாங்கள் இருக்கிறோம் என்று தினமும் அதையே சொல்வேன். அன்றும் சொன்னேன்.  அவள் கைகளைத் தூக்கினாள். 'அம்மா. உன் மேல். கோபம்.' அதோடு படம் நின்றது. கோபம் என்று காட்டிய கை முகத்தருகே அப்படியே உறைந்திருந்தது. பிறகு இணைப்பே அறுந்துவிட்டது.

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். செய்தி அனுப்பிக் கேட்டிருக்கலாம்தான். மனசு வரவில்லை. அவளும் அனுப்பவில்லை. அவள் பக்கத்தில் என் படமும் நின்றுபோயிருக்கிறது. அம்மா பதில் சொல்லாமல் வைத்துவிட்டாள் என்று அவள் நினைத்திருக்கிறாள். அடுத்த நாள் சாயங்காலம் அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வீட்டில் நானும் என் கணவரும் அதை வைத்து ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்தோம். நீ ஏன் அவளை நச்சரிக்கிறாய் என்றார் அவர். நீங்கள் அவளிடம் பேசுவதே இல்லை என்றேன் நான். அதன்பின் ரௌட்டரின் சுவிட்சை அணைத்து மறுபடி போட்டார் அவர். ஃபைல் அனுப்பிக்கொண்டே சோதித்தால் எல்லாம் சரியாக இருந்தது.

அக்கா அப்போது ஊரில் இல்லை. திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் தேற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வாடிப்போனது.

"யாரு ஆஃப் பண்ணச் சொன்னா?"

"அவர்தான் அக்கா. அதனாலதான் சரியாயிடுச்சு."

"சரியாயிடுச்சுன்னா என்ன அர்த்தம்? கெட்டுப்போய் இருந்தப்போ எப்படி இருந்துச்சுன்னு இனிமே நான் எங்க போய்ப் பாக்கறது?"

எனக்குக் கோபம் வந்தது. என் பெண் பேசாமல் இருக்கிறாள், இவருக்குப் பெட்டிதான் முக்கியமா என்று தோன்றியது. ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை, யாழினிக்கு விடுமுறை. அவர் மடிக்கணினியை விரித்து உட்கார்ந்து, "பொண்ணைக் கூப்பிடு. எனக்கு அவ வேணும். இந்த எண்ணெல்லாம் பொய் சொல்லும், அவ கண்ணு பொய் சொல்லாது," என்றார். அவர் சாக்கில் நான் யாழினியைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தாள். கண் வீங்கியிருந்தது.

கேட்டேன். 'என் மேல் என்ன கோபம்?'

அவள் திகைத்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு கையசைவையும் தனியாக நிறுத்திக் காட்டினாள். 'அம்மா. உன் மேல். கோபம். இல்லை.'

நம் தமிழில் வருவதுபோலவே கைமொழியிலும் 'இல்லை' கடைசியில்தான் வரும். அந்த ஒரு கையசைவுதான் வந்து சேரவில்லை. 'கோபம் இல்லை, ஆனால் இங்கே எனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள், கைமொழி தெரிந்தவர்கள் அலுவலகத்திலேயே நாலு பேர் இருக்கிறார்கள், மந்தைவெளியில் எனக்கு நீ ஒருத்திதானே இருக்கிறாய்.' அவள் சொல்ல வந்தது அவ்வளவும் அன்றைக்கு அந்த ஒரு கையசைவுக்குப் பின்னால் நின்றுபோயிருந்தது. இரண்டு பேரும் அழுதோம். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அக்கா, போதும். எல்லாம் சரியாயிடுச்சு. இனிமே எதையும் தொடாதீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெதுவாகத்தான் சொன்னார்: "அந்த 'இல்லை' எதனால வரலைன்னு தெரியாம நான் எழுந்து போயிட்டா, அடுத்த தடவையும் அது வராது. அடுத்த தடவை என்ன சொல்லுவாளோ, யாருக்குத் தெரியும்?"

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"அன்னிக்குக் காலையிலேருந்து யோசி. வீட்ல என்ன மாறிச்சு? யாராவது வந்தாங்களா? எதையாவது நகர்த்தினீங்களா?"

யோசித்தேன். யாரும் வரவில்லை. எதையும் நகர்த்தவில்லை. துணி துவைத்தேன், மெஷின் பாதியில் நின்றது, பிறகு ஓடியது.

"எதுக்கு நின்னுச்சு?"

"கரண்ட் போச்சு அக்கா. கொஞ்ச நேரம்தான்."

அக்கா எழுந்து நின்றார். அலமாரிமேல் இருந்த ரௌட்டரைப் பார்த்தார், அதன் வயர் போகும் பிளக்கைப் பார்த்தார், வாசல் பக்கம் போய் நிறுவனத்தின் இழைப் பெட்டியைப் பார்த்தார். "இது இன்வெர்ட்டர்ல இருக்கா?" என்று ரௌட்டரைக் காட்டிக் கேட்டார். ஆமாம் என்றேன். "அது?" என்றார். அது சாதாரண பிளக்.

அடுத்து அவர் செய்ததை என் கணவர் ரொம்ப நாள் மறக்கவில்லை. யாரிடமும் கேட்காமல் மீட்டர் பலகைக்குப் போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். உள்ளறையில் வேலையில் இருந்த என் கணவர் ஹெட்ஃபோனைக் கழுத்தில் போட்டபடி வெளியே வந்தார்.

"என்னக்கா பண்றீங்க? பாதி வேலைல இருக்கேன்."

"அப்படியே இருங்க. இப்போ போட்டுடுவேன். போட்டதும் ஒரு பெரிய ஃபைலை அனுப்புங்க."

யாழினியின் அழைப்பு அறுந்திருந்தது. அக்கா மெயினை ஏற்றினார். இழைப் பெட்டியின் விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. யாழினியை மறுபடி கூப்பிட்டேன். அக்காவுக்குக் கைமொழி தெரியாது. அவர் சொல்லச் சொல்ல நான் யாழினிக்குச் சொன்னேன். நான் விரல்களால் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும். அவளும் அந்தப் பக்கம் அதேபோல எண்ண வேண்டும். என் விரல்கள் நின்றால் அவள் கையைத் தூக்க வேண்டும். ஃபைல் கிளம்பியது. மடிக்கணினியில் எண்கள் ஏறின. திரையில் யாழினி ஆறு என்று காட்டிய கை அப்படியே நின்றது. கொஞ்சம் கழித்து ஒரு துள்ளலாகப் படம் மாறியபோது, அவள் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துடுச்சு," என்றார் அக்கா. காணாமல் போன பிள்ளை வீடு திரும்பினால் சொல்கிற குரல் அது.

மறுபடி மெயினை இறக்கினார், ஏற்றினார். மறுபடி கெட்டது. ரௌட்டரை மட்டும் அணைத்து மறுபடி போட்டார். சரியானது. மூன்றாவது முறையும் செய்துபார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"தப்பு என்னோடது," என்றார். அதில் வருத்தமே இல்லை. "ரௌட்டர் உயிர் பெறும்போதுதான் நான் சொன்ன வேகக் கட்டுப்பாட்டை அது லைன்மேல போடும். அப்படித்தான் எழுதி வெச்சேன். கரண்ட் போனா இழைப் பெட்டி செத்துடுது, லைனும் கூடவே போயிடுது. ஆனா இன்வெர்ட்டர் இருக்கறதால ரௌட்டருக்கு ஒண்ணும் ஆகல. அப்புறம் கரண்ட் வந்தா புதுசா ஒரு லைன் பொறக்குது. நான் போட்ட கட்டு பழைய லைனோட போயிடுச்சு. புது லைன்ல கட்டே இல்ல."

"அந்தப் பெட்டியையும் இன்வெர்ட்டர்ல போட்டுட்டா முடிஞ்சுதே?" என்றார் என் கணவர்.

"போடுங்க. ஆனா அந்த லைன் வேற எதனாலயாவது அறுந்தா? மொதல்ல இதை மாத்தறேன். லைன் எப்போ பொறந்தாலும் கட்டு விழணும்." தட்டச்சு செய்யத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் முடிந்தது. மறுபடி மெயினை இறக்கிப் பார்த்தார். எண்கள் ஏறவில்லை. யாழினி இருபதுக்குமேல் எண்ணிக்கொண்டே போனாள்.

அன்று யாழினி அவருக்கு ஒரு பெயர் வைத்தாள். காது கேளாதவர்கள் நெருங்கியவர்களுக்கு ஒரு கைப்பெயர் வைப்பார்கள். பிளக்கைப் பிடுங்கி, ஒரு கணம் பார்த்துவிட்டு, மறுபடி செருகுவதுபோன்ற சைகை. நான் அக்காவுக்குக் காட்டினேன். அவர் அதைத் தானும் செய்து பார்த்துக்கொண்டார். எழுந்து போவார் என்று நினைத்தேன். மடிக்கணினியை மூடிவிட்டு என் கணவரிடம் திரும்பினார்.

"ஒண்ணு மட்டும் புரியல. நீங்க நாள் முழுக்க வீட்லதான் இருக்கீங்க. எதுக்கு அவ கூப்பிடற நேரத்துலயே ஃபைல் அனுப்பறீங்க?"

"அப்போதான் அக்கா வேலை முடியும்."

"தினமுமா?"

என் கணவர் கழுத்திலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அக்கா விடவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. லிஃப்ட் நின்றபோது இருந்த அதே முகத்தோடு, தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஒரே ஆசையோடு உட்கார்ந்திருந்தார். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

"அவங்க ரெண்டு பேரும் வேகமா பேசுவாங்க அக்கா," என்றார் என் கணவர் கடைசியில். "எனக்கு அவ்வளவு வராது. பாதி புரியாது. இவளை நிறுத்தி நிறுத்திக் கேட்டா ரெண்டு பேருக்கும் தொந்தரவு. அதான் அந்த நேரத்துல உள்ள போயிடுவேன். போனா ஏதாவது செய்யணுமே. அனுப்பிட்டு உக்காந்திருப்பேன்."

இருபத்து மூன்று வருடம் நான் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லி வந்திருக்கிறேன். அது அவருக்குச் சௌகரியம் என்றே நினைத்திருந்தேன். யாழினி திரையிலிருந்து, 'என்ன? அப்பா என்ன சொல்கிறார்?' என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கையைத் தூக்கினேன். பிறகு இறக்கிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து, அவரை அங்கே உட்காரச் சொன்னேன். அவர் தயங்கித் தயங்கி, ஒரு விரலை மற்றொரு கையால் திருத்தித் திருத்தி, அதையே அவளிடம் சொன்னார். தப்பாகச் சொன்ன இடத்தில் அவள் திருத்தினாள். அவள் அவசரப்படவே இல்லை. அக்கா சத்தம் போடாமல் மேலே போய்விட்டார்.

இதைச் சொல்லி நிறுத்திவிட்டால் அவர் எல்லோருக்கும் நல்லதே செய்தவர் என்று ஆகிவிடும். அப்படி இல்லை. அந்த வருடக் கடைசியில், நான்காம் மாடியில் வீட்டை விட்டுப் போயிருந்த ஒரு பையன் திரும்பி வந்தான். அவன் அம்மா வீடு வீடாகக் கேசரி கொடுத்தார். எல்லோரும் சந்தோஷப்பட்டு வாங்கிக்கொண்டோம். அக்கா கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே அந்தப் பையனிடம், "நீ எதுக்குப் போன?" என்று கேட்டார். அவன் சொன்னான். அவன் அப்பாவின் காதுபட, எல்லாவற்றையும் சொன்னான். அந்த வாரமே மறுபடி போய்விட்டான். அதன்பிறகு லிஃப்டில் அக்கா ஏறினால் சிலர் இறங்கிப் படியில் போனார்கள். அவன் அம்மா என்னிடம், "அவங்களுக்கு எல்லாமே மெஷின்தான்," என்றார். நான் அக்காவுக்காகப் பேசவும் இல்லை, ஆமாம் என்று சொல்லவும் இல்லை.

அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் அடுத்து வந்த கோடையில் லிஃப்ட் இரண்டு முறை நின்று சரியானபோதும் அவர் கீழே வரவில்லை.

ஒரு நாள் காலையில் காய்கறிப் பையோடு அவரைப் படிக்கட்டில் பார்த்தேன். முகம் ஒரு மாதிரி இருந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

"தம்பி போன் பண்ணினான்," என்றார்.

அவருக்குத் தம்பி இருப்பதே எனக்குத் தெரியாது. கொட்டிவாக்கத்தில் இருக்கிறாராம். ஒரு பஸ் தூரம். பதினோரு வருடமாகப் பேச்சில்லை. ஒரு நாள் தம்பி பேசுவதை நிறுத்தினார். ஏன் என்று அக்கா போய்க் கேட்டார், எழுதிக் கேட்டார், உறவுக்காரர்களை விட்டுக் கேட்டார். அவர் கேட்கக் கேட்கத் தம்பி இன்னும் தள்ளிப் போனார். பிறகு எண்ணையே மாற்றிவிட்டார். இதையெல்லாம் அக்கா படிக்கட்டில் நின்றபடியே, ஒரு பிழை அறிக்கை வாசிப்பதுபோல வரிசையாகச் சொன்னார்.

"இப்போ என்ன சொன்னார்?"

"ஞாயித்துக்கிழமை காலையில டிபனுக்கு வான்னான். வேற ஒண்ணும் சொல்லல."

ஞாயிற்றுக்கிழமை அவர் போவதைப் பால்கனியிலிருந்து பார்த்தேன். நான் பார்த்து முதல்முறையாகப் புடவை கட்டியிருந்தார். மதியம் திரும்பி வந்தவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். என் கணவர் உள்ளே யாழினியோடு திரையில் பேசிக்கொண்டிருந்தார். நான் காபி கொண்டுவந்து வைத்தேன்.

"எப்படி இருக்கார்?"

"இளைச்சிட்டான். முடியெல்லாம் நரைச்சிடுச்சு."

"எதுக்கு இத்தனை வருஷம் பேசலைன்னு கேட்டீங்களா அக்கா?"

"இல்ல."

"இப்போ எதுக்குப் பேசினார்னு?"

"அதுவும் கேக்கல."

 அவர் காபியை எடுக்காமல் டம்ளரின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அதற்கு ஒரு மாதத்தில் அக்கா அந்த வீட்டைக் காலி செய்துகொண்டு கொட்டிவாக்கத்துக்கே போய்விட்டார். நாங்களும் பிறகு அடையாறுக்கு மாறினோம். தொடர்பு மெல்லக் குறைந்துபோனது. ஆனால் அவரை நினைத்தால் எனக்கு அந்த மதியம்தான் நினைவுக்கு வருகிறது.

"கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு," என்றார். "அடுப்புக்கிட்ட நின்னு அவனே தோசை ஊத்திட்டு இருந்தான். திரும்பாமலே, 'இன்னொண்ணு போடட்டுமா'ன்னான். போடுன்னு சொன்னேன்."